மாதம் ஒரு போத்தல்

தகரப் பெட்டிக்குள் கைவிட்டு அப்பாவின் அடையாள அட்டையைத் தேடினாள் லோஜினி. மரணப் பதிவுக்காக அண்ணன் சுமன் வாசலில் காத்து நின்றான். அட்டையோடு கிளினிக் கொப்பியும் கையில் வந்தது. அட்டையை அவனிடம் கொடுத்துவிட்டுக் கொப்பியைப் புரட்டினாள். கடைசித் திகதி ஜனவரியில் நின்றிருந்தது. இப்போது ஜூலை.

உள் காம்பராவில் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அப்பா ஆறு மாசமா கிளினிக் போகலையா?"

"மெதுவா பேசு. வெளிய ஆளுங்க இருக்காங்க."

"பிரசர் குளிசை?"

"நிப்பாட்டிட்டாரு. புள்ள அனுப்புற மருந்து இருக்கே, ரெண்டு மருந்து எதுக்குன்னாரு. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாரு. நீ ஏசுவியாம்."

லோஜினி கொழும்பில் ஒரு ஹெல்த் சென்டரில் வரவேற்பாளர். அங்கே விற்கும் பெப்டைட் மருந்தைப் பற்றி வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை மனப்பாடமாகக் கற்றிருந்தாள். பெப்டைட் என்பது புரதத்தின் சிறு துண்டு. தளர்ந்த உறுப்புகளைத் தட்டியெழுப்பும். நோய் எதிர்ப்பைக் கூட்டும். முதுமையைத் தள்ளிப் போடும். அதையே போனில் அப்பாவிடமும் சொன்னாள். மாதம் ஒரு போத்தல் அனுப்பினாள். அவர் அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாராம். "நேத்து கோயில் படி ஏறுனேன் புள்ள, மூச்சே வாங்கல," என்று மார்ச் மாதத்தில் ஒரு தடவை போன் எடுத்தார். அன்று அவள் வேலையிடத்தில் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

குளிசையை நிறுத்தச் சொல்லி அவள் சொன்னதில்லை. நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

நேற்றுக் காலை முகம் சவரம் செய்துகொண்டிருந்தவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வேன் ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன் உயிர் போய்விட்டது.

"இத யாருகிட்டயும் சொல்லாத. போனவரு போயிட்டாரு," என்றாள் அம்மா.

லெட்சுமி அத்தை உள்ளே வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. அழுதழுது தொண்டை கட்டியிருந்தது. லோஜினியின் கன்னத்தைத் தடவியபடியே தயங்கிக் கேட்டாள்.

"அண்ணன் குடிச்ச மருந்து மிச்சம் இருக்காம்மா? அத குடிச்சித்தான் இவ்வளவு நாளு தெம்பா இருந்தாரு. எனக்கும் பிரசர்தானே. கிளினிக் குளிசைய முழுங்கி முழுங்கி அலுத்துப் போச்சி."

அம்மா லோஜினியைப் பார்த்தாள். வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"இல்லன்னு சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான்," என்று லோஜினிக்குத் தோன்றியது. ஆனால் அத்தை கொட்டகலை பஜாருக்குப் போனால் வேறு யாரிடமாவது அதைக் கேட்டு வாங்கி, குளிசையை நிறுத்திவிடுவாள்.

"மிச்சம் இருக்கு அத்தை. தரமாட்டேன்."

"ஏம்மா?"

"அப்பா அத நம்பி பிரசர் குளிசைய நிப்பாட்டிட்டாரு. ஆறு மாசமா குடிக்கல. நாந்தான் அது நல்ல மருந்துன்னு சொல்லி அனுப்புனேன். குளிசையையும் விடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல."

அத்தையின் கை கன்னத்திலிருந்து இறங்கியது.

"அப்ப நீ..."

லோஜினி தலை குனியவில்லை.

"நீங்க நிப்பாட்டிறாதீங்க அத்தை," என்றாள். "கோவிச்சிக்கிட்டாலும் பரவாயில்ல."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அப்பாவின் உடல் கிடந்த முன் காம்பராவுக்குப் போனாள். அவளது ஒப்பாரி மறுபடி எழுந்தது. அதில் லோஜினியின் பெயர் வருமோ என்று அம்மாவும் மகளும் மூச்சடக்கிக் கேட்டிருந்தார்கள். வரவில்லை.

பின்னேரம் தப்பு மேளம் முழங்கச் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் லயத்து வீடுகளுக்கு மேலே, பாதை திரும்பும் முடக்கு வரைதான் போவார்கள். அங்கே எல்லோரும் நின்றார்கள். அத்தை சற்றுத் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து யார் மேலும் சாயாத அம்மா, லோஜினியின் தோளில் தன் முழுக் கனத்தையும் வைத்தாள். லோஜினி கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

எதிர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் தப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்கள். பெட்டி தேயிலைக்குள் மறையும்வரை அப்படியே நின்றார்கள். பிறகு ஒருத்தி குனிந்தாள். அடுத்தவளும் குனிந்தாள்.