வலது தாடை

1

இந்தக் கதை என் தங்கைமேல் எனக்கிருக்கும் பொறாமையில் பிறந்தது. மூடி மறைத்துப் பயனில்லை. போன வாரம் அவள் போன் செய்தாள். என்ன சொன்னாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றிவளைப்பு.

முதல் வரியை மூன்று முறை எழுதினேன். "அருங்காட்சியகத்தின் பின்னறையில் ஒரு நீளமான மேசை..." (மேசையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அடித்துவிட்டேன்.) "அன்று எனக்கு..." (கை வரவில்லை.) "அக்காவுக்குப் பதினைந்து வயது, தங்கைக்குப் பதின்மூன்று." இது இருக்கட்டும். அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

2

அருங்காட்சியகத்தில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நடந்த சனிக்கிழமை வகுப்பு அது. ஆந்தை எலியை முழுசாக விழுங்கி, மயிரையும் எலும்பையும் மட்டும் உருண்டையாகக் கக்கிவிடும். ஆளுக்கோர் உருண்டை. இடுக்கியால் பிரித்து, எலும்புகளைப் பொறுக்கி, கறுப்பு அட்டையில் எலியாக ஒட்ட வேண்டும். குறையில்லாத அட்டை ஒன்றே ஒன்று, ஒட்டியவர் பெயரோடு, முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குப் போகும்.

தங்கை விலா எலும்பைக்கூட உடையாமல் எடுத்தாள். ஆந்தை டீச்சர் (பிள்ளைகள் வைத்த பெயர்) அவள் பின்னாலிருந்து நகரவே இல்லை.

"இந்தக் கை உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

அக்காவுக்கு வயிறு எரிந்தது. வகுப்புக்கு ஆசைப்பட்டுப் பேர் கொடுத்தவள் அக்கா. தங்கை சும்மா ஒட்டிக்கொண்டு வந்தவள். (இந்த நியாயம் இன்றும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.) எலியின் கீழ்த்தாடை இடது, வலது என்று இரண்டு துண்டாகத்தான் கிடைக்கும்; அக்காவின் எலிக்கு வலது தாடை மட்டும் இல்லை. தங்கை கை கழுவப் போனாள். நகத்தளவுகூட இல்லாத தாடை அது. அக்கா மெல்ல

3

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. முதலில் எழுதிய முடிவில், டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துவிடுகிறார். திட்டு, அழுகை, மன்னிப்பு. நல்ல முடிவுதான், ஆனால் நடக்கவில்லை.

தங்கை திரும்பி வந்து, காணாமல்போன தாடையைத் தரையில் முட்டிபோட்டுத் தேடினாள். அக்காவும் கூடவே முட்டிபோட்டுத் தேடினாள்.

"அழாதடி, இங்கதான் எங்கயாச்சும் கிடக்கும்."

அக்காவின் அட்டை கண்ணாடிப் பெட்டிக்குப் போனது.

4

இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இப்போது அந்த வகுப்பை நடத்துவது தங்கை. (அதற்கும் எரிகிறது.) பழைய பெட்டிகளைக் காலி செய்கிறார்களாம்.

"அக்கா, உன் அட்டையை லென்ஸ் வச்சுப் பார்த்தேன். இடது தாடைல பல்லெல்லாம் தேஞ்சு கிழடுதட்டிப் போயிருக்கு. வலதுல குட்டிப் பல்லு. ஒரே எலிக்கு எப்படிக்கா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. பதிலுக்குக் காத்திருந்தாள். நான் சொன்னேன்:

[                    ]

(உண்மையில் சொன்னது: "வாசல்ல யாரோ வந்திருக்காங்க, அப்புறம் கூப்பிடறேன்." யாரும் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.)

5

இன்று காலை தபாலில் அந்த அட்டை வந்தது. என் பெயர் அப்படியே இருக்கிறது. எலியும் இருக்கிறது, வலது தாடை மட்டும் இல்லை. அவளுடையதை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். அத்தனை வருடத்துப் பசையிலிருந்து பெயர்த்திருக்கிறாள், அட்டையில் ஒரு கீறல் இல்லை. அந்தக் கைவேலையைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது வெட்கமல்ல.

அடைப்புக்குறியைக் காலியாகவே விட்டிருக்கிறேன். உங்களுக்குக் கூடப்பிறந்தவர் இருந்தால், என்ன எழுதுவதென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.