நடுவில் ஒரு மேஜை

மணி ஒன்று இருபத்தைந்து. பள்ளி ஒலிபெருக்கியில் துப்புரவு நேரத்துப் பியானோ இசை தொடங்கியதும் எட்டாம் வகுப்பு எழுந்தது. மேஜைகளைப் பின்னால் ஒதுக்கிவிட்டுத் தரையைப் பெருக்கித் துடைக்க வேண்டும். அவரவர் மேஜை என்று கணக்கில்லை. கைக்கு அகப்பட்டதைத் தூக்க வேண்டும். சாயோவின் மேஜை மட்டும் ஒரு வருடமாக யார் கைக்கும் அகப்படவில்லை. தொட்டால் கிருமி ஒட்டுமாம். பதினான்கு வயது, சமன்பாடு போடத் தெரிந்தவர்கள், ஒருவரும் அதை நம்பவில்லை. ஆனாலும் ஒருவரும் தொடவில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

வகுப்பாசிரியர் உசுயி ‘ஒரே மனது’ என்று தூரிகையால் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். வாஸ்தவம்தான். முப்பது பேருக்கும் சேர்த்து ஒன்றுதான் இருந்தது.

ஜூனில் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த குஸே, முதல் நாளே அந்த மேஜையின் மறுமுனையைப் பிடித்தாள்.

“கிருமியா? எனக்கு ஏற்கெனவே சளிடீ. உன்னுதும் சேர்ந்து வரட்டும், தூக்கு.”

மறுநாள் முதல் குஸேயின் மேஜையையும் யாரும் தொடவில்லை; நடுவில் இரண்டு மேஜைகள் நின்றன. இருவரும் சேர்ந்து தூக்கினார்கள்.

இன்று காலை பள்ளி வாசலில் காலணி அலமாரிப் பக்கம் ஹினோ சாயோவை வழிமறித்தாள். யாரைப் பார்த்து வகுப்பு சிரிக்க வேண்டும் என்று தீர்மானிப்பவள் அவள்.

“இனி குஸே மேஜையத் தொடாத. உன்னுத நாங்க பாத்துக்கறோம். என்ன, சரியா?”

சாயோ காலணியை மாற்றிக்கொண்டு நகர்ந்தாள். பதில் சொல்லும் அளவுக்கு ஹினோவைத் தான் மதிக்கவில்லை என்று படியேறும்போது நினைத்துக்கொண்டாள்.

இப்போது குஸே வாளியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். இரண்டு பையன்கள் வந்து சாயோவின் மேஜையைத் தூக்கினார்கள்.

“ஐயோ, கனம்! உள்ள என்ன வச்சிருக்க, செங்கல்லா?”

யாரும் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்ளவில்லை. சாயோவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்குவதற்குள் பல் தெரிந்துவிட்டது. மந்தை என்று இத்தனை நாள் மனதுக்குள் காறித் துப்பிய கூட்டம். இவ்வளவு மலிவா நான் என்று தன்னையே கேட்டாள். சிரிப்பு மட்டும் போகவில்லை.

நடுவில் குஸேயின் மேஜை நின்றது. கையெட்டும் தூரம். ஹினோ ஜன்னலைத் துடைத்தபடி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயோ துடைப்பத்தை எடுத்தாள். அந்த மேஜையைச் சுற்றிப் பெருக்கினாள். கால்களுக்கு இடையிலும் விடாமல், சுத்தமாக.

“இன்னிக்கு எவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுது பாத்தீங்களா? ஒற்றுமைன்னா இதுதான்” என்றார் உசுயி.

குஸே தண்ணீர் தளும்ப உள்ளே வந்தாள். பின்வரிசையைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“அட! உன் மேஜைய யாருடீ தூக்குனா?”