கத்திரி கட்டிய குளியலறை

கட்டட அலுவலகத்தில் வரைபடம் கொண்டு வா என்றார்கள். கொண்டுபோனேன். அதைப் பார்த்து அந்த அலுவலகமே சிரித்தது என்றால், அதில் என் தப்பு என்ன இருக்கிறது?

நான் தையல்காரி. முப்பது வருடமாக எதை வரைந்தாலும் நிஜ அளவில்தான் வரைகிறேன். சட்டைக் கை இருபத்துமூன்று அங்குலம் என்றால் காகிதத்திலும் இருபத்துமூன்று. அதனால் குளியலறை வரைபடம் என்றதும் பிரவுன் பேப்பரை ஒன்றோடொன்று ஒட்டி, எட்டடிக்கு ஆறடி, கதவு இங்கே, தொட்டி அங்கே என்று சாக்கால் கோடு போட்டுச் சுருட்டி, தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸை ஓட்டியவர் என் வீட்டுக்காரர்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்தார், வாயே திறக்கவில்லை. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று பிறகு கேட்டதற்கு, "பயமா இருந்துச்சு" என்றார். என்னை எல்லோரும் 'கத்திரி' என்று கூப்பிடுவது துணி வெட்டுவதால் மட்டும் இல்லையாம். இருக்கட்டும், அவரை அப்புறம் கவனித்துக்கொண்டேன்.

குளியலறை என் அக்காவுக்கு. மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அவளுக்கு இரண்டு கால்களும் வேலை செய்யவில்லை. அப்போது நான்கு மாதமாக மறுவாழ்வு இல்லத்தில் இருந்தாள். என் வீட்டில் குளியலறை மாடியில்தான். சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி கீழே ஒன்று கட்டி, கட்டட அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கிக் காட்டினால்தான் அவளை வீட்டுக்கு அனுப்புவோம் என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை வரைதான் கெடு. தவறினால் அன்று மதியமே வண்டி ஏற்றி, ஆறு மணி நேரத் தொலைவில் உள்ள வேறொரு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. கொத்தனார்களைக் கேட்டால் ஆளாளுக்கு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். போங்கடா நீங்களும் உங்கள் கரண்டியும் என்று நானே இறங்கிவிட்டேன்.

அலுவலகத்தில் தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். நான் காகிதத்தைத் தரையில் உருட்டி விட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, பாய் விரிக்கிறீங்க?"

"வரைபடம் கேட்டீங்கல்ல? இதான்."

"ஒரு தாள்ல அடங்குற மாதிரி சின்னதா போடணும்மா."

"சின்னதா போட்டா எங்க அக்கா எப்படி உள்ள போவா?"

அப்போதுதான் எல்லோரும் சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சுருட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஆனால் கண்ணாடிக்காரம்மா சிரிக்கவில்லை. குனிந்து கோடுகளைப் பார்த்தார். பிறகு தன் உருளை நாற்காலியில் உட்கார்ந்து, காலால் உந்தி, நான் வரைந்த கதவு வழியாக உள்ளே போய்விட்டார்!

"இது வாஷ் பேசினா?"

"ஆமா."

"யாராவது இங்க வந்து பேசின் மாதிரி நில்லுங்கப்பா."

ஓர் எழுத்தர் ஓடி வந்து, இரண்டு கையிலும் ஃபைலை ஏந்திக்கொண்டு பேசினாக நின்றார். அம்மா நாற்காலியைச் சுற்றினார். முட்டி நேராகப் போய் ஃபைலில் இடித்தது.

"ஐயையோ, உங்க அக்கா இங்க மாட்டிக்குவாங்களே!"

பேசினை மூலைக்கு அனுப்பினோம். அப்படியும் குதிகால் இடித்தது. கதவை ஒரு சாண் தள்ளினோம். அதற்குள் வரிசையில் நின்றவர்களும் வந்து ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் அவர் எங்கேயும் இடிக்காமல் ஒரு முழு வட்டம் அடித்ததும் கைதட்டல்! இதையெல்லாம் சின்னத் தாளில் வரைந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அங்கேயே என்னை உட்கார வைத்து, அடிக்கு அரை அங்குலம் என்று சின்னதாக வரையச் சொல்லி முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

"சொந்த வீடு, நீங்களே செய்யலாம். குழாயை மூடுறதுக்கு முன்னாடி ஒரு ஆய்வு, எல்லாம் முடிஞ்சதும் ஒரு ஆய்வு. ரெண்டுலயும் பாஸாகணும்" என்றார்.

என் தையல் அறையைப் பாதியாக வெட்டிச் சுவர் எழுப்பினோம். பஸ் ஓட்டி முடித்து வந்து வீட்டுக்காரர் சிமெண்ட் கலப்பார். நான் அதட்டுவேன். இரண்டும் வேலைதான். முதல் ஆய்வுக்கு வந்த ஆய்வாளர் உயரமான, பேச்சே இல்லாத மனிதர். டார்ச் அடித்துக் குழாய் ஒவ்வொன்றையும் பார்த்தார், ஒரு மூட்டைத் தட்டினார், "ம்" என்றார், கையெழுத்துப் போட்டார். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பாஸாயிட்டேன்டி அக்கா!"

"பள்ளிக்கூடத்துல ஒருநாளும் இந்த வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்ததில்லையே" என்றாள் அவள்.

கடைசி ஆய்வு, கெடுவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. ஆய்வாளர் சுவர்க் கம்பியைப் பிடித்துத் தன் முழு உடம்பையும் தொங்கவிட்டார். கம்பி அசையவில்லை. கதவை அளந்தார், சரி. விளக்கு, சரி. கடைசியாக ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். தரையில் கவிழ்த்தார். தண்ணீர் சமர்த்தாக ஓட்டையை நோக்கி ஓடியது. ஆனால் கதவோரம் மட்டும் ஒரு கை அகலத்துக்குத் தேங்கி நின்று என்னைப் பார்த்தது.

"இங்க வாட்டம் இல்லை" என்றார்.

எப்படி இருக்கும்? நான்தான் எடுத்துவிட்டேன்! தண்ணீர் ஓடச் சரிவு கொடுத்தபோது கதவோர டைல் வரிசை கோணலாகத் தெரிந்தது. பாவாடையின் ஓரம் ஒரு நூல் இறங்கினாலே பிரித்துத் தைக்கிறவள் நான். பொறுக்குமா? ரசமட்டம் வைத்து அந்த வரிசையை மட்டும் நேராக்கினேன். "கோணலா இருந்தா இருக்கட்டுமே" என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை.

"சக்கரம் வழுக்கும். ஃபெயில். அடுத்த தேதி பத்து நாள் கழிச்சுத்தான்" என்றார் ஆய்வாளர்.

முதலில் கத்தினேன். ஒரு கை அகலத் தண்ணீருக்கு ஒரு மனுஷியை நாடு கடத்துவீர்களா என்றேன். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். அக்காவை வெளியூருக்கு அனுப்பப்போவது என் நேர்க்கோட்டுப் பைத்தியமா? ஆய்வாளர் பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்து மேலும் கீழும் பார்த்தார்.

"திங்கட்கிழமை காலைல ஏழரை மணிக்கு ஒருத்தர் ஆய்வு வேண்டாம்னு சொல்லியிருக்கார். வர்றேன். ஆனா தண்ணி நின்னா திரும்பவும் ஃபெயில்தான், முன்னாடியே சொல்லிட்டேன்."

சனிக்கிழமை முழுக்க உளியும் சுத்தியலுமாக அந்த வரிசையைப் பெயர்த்தோம். நான் ஆசையாக ஒட்டிய டைல்கள் சில்லு சில்லாகப் போயின. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வாட்டம் பிடித்து ஒட்டினோம். வரிசை கோணல்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டு என்றார் வீட்டுக்காரர். "நீங்க பஸ்ஸ அப்படித்தான் ஓட்டுறீங்களா?" என்றேன். இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தோம். சாயங்காலத்துக்கெல்லாம் என் முதுகு கழன்று விழுந்துவிடும் போல் இருந்தது.

திங்கட்கிழமை ஏழரைக்கு மனிதர் வந்து நின்றார். வாளியை நானே தூக்கிக் கொடுத்தேன். கதவோரமாகவே கவிழ்த்தார். தண்ணீர் ஒரு நொடி யோசித்தது. பிறகு ஓடியது பாருங்கள், ஒரு சொட்டு பாக்கியில்லாமல்! குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "ம்" என்றார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த மனிதர் கையெழுத்துப் போட அது வேண்டியிருந்ததால்தான் விட்டேன்.

கண்ணாடிக்காரம்மா அலுவலகக் கதவு திறந்ததுமே முத்திரை குத்தினார். "அக்கா சுத்திப் பார்த்ததும் எனக்குச் சொல்லணும்" என்றார். பதினொரு மணிக்கு இல்லத்தில் சான்றிதழை மேசைமேல் வைத்தேன். அக்கா மடியில் பையோடு தயாராக இருந்தாள். அந்த வண்டிக்கா, என் கூட வரவா என்று அவளுக்கே தெரியாது.

"எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"எழுந்திருக்க முடிஞ்சா நான் ஏன்டி இங்க உட்கார்ந்திருக்கேன்?" என்றாள். சொல்லும்போதே அவள் கண் நிரம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறைக்குத்தான் போனாள். உள்ளே போய் ஒரு முழு வட்டம் அடித்தாள். எங்கேயும் இடிக்கவில்லை. கம்பியைத் தொட்டாள், குழாயைத் திறந்து மூடினாள். துண்டை எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே நுழைந்தேன்.

"நீ எங்க வர்றே?"

"பிடிச்சுக்க வேணாமா?"

"அஞ்சு மாசமா நான் குளிக்கிறப்ப யாராவது ஒருத்தி பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. எல்லாரும் நல்லவங்கதான். இருந்தாலும்..." என்று நிறுத்தினாள். "துண்டை வச்சுட்டு வெளிய போடி."

போனேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு காதைக் கொடுத்தேன். பிறகு தண்ணீர் விழும் சத்தம் வந்தது. அப்புறம், சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், என் அக்கா உரக்கப் பாட ஆரம்பித்தாள். எனக்கு சந்தோஷத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அக்காவின் பையோடு உள்ளே வந்த வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனார்.

"என்ன ஆச்சு? என்னத்துல ஃபெயில்?"

"உஸ்ஸ்" என்றேன். "அக்கா தனியா குளிக்கிறா."