வெர்லின் எந்த மாவட்டத்து ஆள்?

மாநில மனநல ஆஸ்பத்திரியிலிருந்து பில் வந்துவிட்டால், லவோன் காபியை ஆறவிட்டுவிடுவாள். அதை வைத்தே மாவட்ட அலுவலகத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும். அந்த பில்களைச் சரிபார்ப்பது அவள் வேலை, அவள் அறை என் ஜன்னலுக்கு நேர் எதிரே. நான் வண்டிகளுக்கு நம்பர் தகடு கொடுக்கிறவள். வரிசையில் நிற்கும் சோளக்கார விவசாயிகளைத் திட்டிக்கொண்டே அவள்மேலும் ஒரு கண் வைத்திருப்பேன்.

அந்த பில்லின் அநியாயத்தைக் கேளுங்கள். ஆஸ்பத்திரியின் மொத்தச் செலவையும் உள்ளே இருக்கிற நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று விலை போடுவார்கள். பாதி வார்டுகள் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிக் கிடந்தாலும் குளிர்காலத்தில் குழாய் வெடிக்காமல் சூடேற்ற வேண்டும், கூரை ஒழுகினால் அடைக்க வேண்டும். அவ்வளவும் மிச்சம் இருப்பவர்கள் தலையில்தான் விடியும். ஒருவர் குணமாகி வீட்டுக்குப் போனால் மற்றவர்களின் விலை ஏறும். இரவெல்லாம் கத்துகிறவருக்கும் அதே விலை, சாதுவாக உட்கார்ந்து சீட்டாடுகிறவருக்கும் அதே விலை. எங்கள் அயோவா மாநிலத்தில் அந்த விலையை நோயாளியின் சொந்த மாவட்டம் கட்ட வேண்டும்.

சொந்த மாவட்டம் என்றால் பிறந்த இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கடைசியாக எங்கே ஒரு வருஷம் முழுசாக, இடையில் விடாமல், யார் தயவும் இல்லாமல் வாழ்ந்தாரோ அதுதான் அவர் மாவட்டம். அப்படியானால் ஒவ்வொரு மாவட்டமும் என்ன செய்யும்? "இந்த ஆள் எங்க ஆள் இல்லை" என்று நிரூபிக்கப் பார்க்கும். அந்த வேலைக்கென்றே பிறந்தவள் லவோன். பழைய வீட்டுக்காரர்களுக்குப் போன் போடுவாள், பழைய முதலாளிகளைத் தேடிப் பிடிப்பாள். ஒரு பெயரைப் பக்கத்து மாவட்டத்துக்குத் தள்ளிவிட்டாளானால் அன்றைக்கு எங்களுக்கெல்லாம் இலவங்கப்பட்டை இனிப்பு ரொட்டி வாங்கித் தருவாள். நாங்களும் வெட்கமில்லாமல் சாப்பிடுவோம்.

அந்த ஏப்ரல் மாதத்து பில்லில் வெர்லினின் பெயர் இருந்தது. வெர்லின் எங்கள் ஊர்க்காரன், ஆர்லிஸின் தம்பி. ஆர்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். சர்ச் பாடகர் குழுவில் லவோனுக்குப் பக்கத்தில் நிற்கிறவள். வெர்லினுக்குக் குரல்கள் கேட்கும். சில வருஷம் நன்றாக இருப்பான், பிறகு மருந்தை நிறுத்திவிடுவான், திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போவான். இந்தத் தடவை டாக்டர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆர்லிஸின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, இவனைப் போன்ற நாலைந்து பேர் ஒரு ஆயாவோடு சேர்ந்து வாழ்கிற வீடு ஒன்று புதிதாகத் திறந்திருந்தது. அதில் ஒரு அறை காலியாக இருந்தது. ஆர்லிஸ் அதற்குத் திரைச்சீலைகூடத் தைத்துவிட்டாள்.

ஒரு சாவுச் சாப்பாட்டுக்காக சர்ச்சின் கீழ்க்கூடத்தில் நாங்கள் மூவரும் பன்றித்தொடை சாண்ட்விச் அடுக்கிக்கொண்டிருந்தோம். ஆர்லிஸுக்குத் தம்பி வரப்போகிற சந்தோஷத்தில் வாய் ஓயவில்லை.

"அவன ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்னு நெனைக்காதீங்கடி. ஓக்ராஃப்ட்ல வான்கோழி ஆலையில வேலை பார்த்தான், தெரியுமா? இரும்புக்கடை மாடியில ரூம் எடுத்துத் தனியா இருந்தான். முழுசா ஒரு வருஷத்துக்கு மேல. வாடகை ஒரு மாசம் தள்ளல. என்கிட்ட ஒரு காசு கேக்கல."

"ஒரு வருஷத்துக்கு மேலயா? நடுவுல எங்கயும் போகலயா?" என்றாள் லவோன்.

"போகவே இல்ல. கிறிஸ்துமஸுக்குக்கூட வேலை இருக்குன்னுட்டான்."

கையில் இருந்த ரொட்டிக்கு லவோன் இரண்டு தடவை வெண்ணெய் தடவினாள். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஓக்ராஃப்ட் எங்கள் பக்கத்து மாவட்டம்.

மறுநாள் அவள் அந்த இரும்புக்கடைக்காரரைப் பிடித்துவிட்டாள். ஆலையிலும் விசாரித்தாள். ஓக்ராஃப்ட் மாவட்டத்தில் இதே வேலை பார்க்கிற கஸ் என்பவருக்கு மறுக்கவே முடியாதபடி ஒரு கடிதம் போட்டாள். கஸ் போனில் கொஞ்சம் குதித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். வெர்லின் எங்கள் கணக்கிலிருந்து போய்விட்டான். எங்கள் மாவட்ட மன்றத் தலைவர் ஆர்வில் கூப்மன் படியேறி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரொட்டியும் வந்தது.

மே மாதத்தில் ஒரு மத்தியானம் ஆர்லிஸ் சமையலறை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"லவோன், அவன எங்க அனுப்பப்போறாங்க தெரியுமா? மாநிலத்தோட அந்தக் கோடிக்கு! ஓக்ராஃப்ட்காரங்க அங்க ஒரு இல்லத்துல மொத்தமாப் படுக்கை பேசி வச்சிருக்காங்களாம், மலிவாம். பணம் கட்டுறவங்கதான் எடம் சொல்லுவாங்களாம். போக ஒரு நாள், வர ஒரு நாள். என் வண்டி கிராசரி கடைக்குப் போறதுக்கே மூச்சு வாங்குது."

லவோனின் முகம் வெளுத்துவிட்டது. "இல்ல ஆர்லிஸ்... பில்லு மட்டும்தான் மாறும்னு நெனச்சேன். அவன் எப்படியும் இங்கதான வருவான்னு..."

"நெனச்சியா? பெருமையாச் சொன்னேன்டி நான்! என் தம்பிய ஒரு தடவையாவது பெருமையாச் சொல்ல எனக்கு ஒண்ணு இருந்துச்சு. அதை எடுத்துட்டுப் போய் இப்படிப் பண்ணிட்டியே!"

வரிசையில் இருந்த விவசாயிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அவள் போன பிறகு லவோன் என்னிடம் வந்தாள்.

"அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லடி. சத்தியமா யோசிக்கல."

"நீ என்னைக்கு யோசிச்ச? இத்தனை பேரத் தள்ளிவிட்டியே, ஒருத்தராவது எங்க போய்ச் சேர்ந்தாங்கன்னு கேட்டியா?" என்று வெடித்துவிட்டேன். சொல்லும்போதே என் வாயில் அந்த ரொட்டியின் சர்க்கரை இனித்தது. நானும்தானே தின்றேன்.

அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பாடகர் குழுவுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி வரவில்லை. கஸ்ஸுக்குப் போன் போட்டு, வெர்லினை எங்கள் ஊர் வீட்டிலேயே விட்டுவிடும்படி கெஞ்சினாள். அந்த ஆள் சிரித்தாராம். "உன் லெட்டர் மாதிரி ஒரு லெட்டர நான் பார்த்ததே இல்லம்மா. எங்க ஆபீஸ் பசங்களுக்குப் பாடம் நடத்த அதைத்தான் வச்சிருக்கேன். அவன் ஒரு வருஷம் இங்க இருக்கலன்னு சொல்லு, நாளைக்கே திருப்பி அனுப்புறேன். எனக்கு என்ன, லாபம்தான்!"

வழி அது ஒன்றுதான். அந்த வருஷம் நடுவில் அறுந்துபோனது என்று ஆகவேண்டும். குளிர்காலத்தில் தனியாக இருக்க முடியாமல் அக்காவின் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று சொன்னால் போதும், அவன் மறுபடியும் எங்கள் மாவட்டத்து ஆள். ஆர்லிஸ் பொய் சொல்லத் தயாராக இருந்தாள். ஆனால் மன்றம் வெர்லினையே கூப்பிட்டுக் கேட்கும். அவன் வாயால் வர வேண்டும்.

என் வண்டியில் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெர்லின் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் அதை நிறுத்திவிட்டு வந்தான். மெலிந்த, உயரமான ஆள். மருந்தினால் கைகள் லேசாக நடுங்கும்.

"வாங்க வாங்க! என் ஒரு நாள் விலை என்னன்னு தெரியுமா? நர்ஸ் சொன்னா. ஊர்ல பெரிய ஓட்டல்ல ரூம் போடலாமாம். இங்க முட்டைகூட ஒழுங்கா வேகல. புல்லையும் நானே வெட்டுறேன், வெட்டுன கூலியும் என் பில்லுலதான் ஏறுதாம்!"

நாங்கள் சிரித்தோம். அவனுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. லவோன் சொல்ல வாயெடுத்துவிட்டு, கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள். கடைசியில் ஆர்லிஸ்தான் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

அவன் காலணியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டான்.

"என்னால முடியலன்னு சொல்லணுமா அக்கா?"

"சும்மா சொல்றதுதான்டா. நமக்குத் தெரியும்ல."

"அந்த ஆலையில என்னை எதுல போட்டிருந்தாங்க தெரியுமா லவோன்? லாரியில பெட்டி ஏத்துறதுல. வேகமான ஆளத்தான் அங்க போடுவாங்க." அவளிடம் ஏன் சொன்னான் என்று தெரியவில்லை. "இரும்புக்கடைக்காரர் இருக்காரே, அவர் என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

லவோன் கைப்பையின் வாரை விட்டாள். "உன்ன மாதிரி ஒரு குடித்தனக்காரன் எனக்கு அப்புறம் கெடைக்கவே இல்லன்னார்" என்று ஒருவழியாகச் சொன்னாள். அவர் சொன்னது உண்மைதான். அதே வரியைத்தான் அவள் கஸ்ஸுக்குச் சாட்சியாக எழுதியிருந்தாள்.

வெர்லின் தலையை ஆட்டினான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்காமல் வண்டிக்குப் போய்விட்டேன்.

மன்றம் ஜூன் மாதம் கூடியது. நடந்ததை எழுதிக்கொள்ள என்னைத்தான் உட்கார வைத்தார்கள். வெர்லின் அப்பாவுடைய டை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். கஸ்ஸும் வந்திருந்தார், கண்காட்சிக்கு வந்தவர் மாதிரி காலை நீட்டிக்கொண்டு.

ஆர்வில் கூப்மன் கெட்டவர் இல்லை. நிலவரி ஏறினால் அவர் வீட்டுக் கதவைத்தான் ஊரே தட்டும். "ஏப்ரல்ல நீதானம்மா நிரூபிச்ச? இப்ப நீயே தப்புங்கிற. எது நெசம்?" என்று லவோனைக் கேட்டார்.

"நான் சரியா விசாரிக்கல. என் தப்புதான்" என்றாள். வேலையில் அவள் பொய் சொன்னது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

தலைவர் வெர்லினின் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "தம்பி, அந்த வருஷம் ஓக்ராஃப்ட்ல நீ முழுசா இருந்தியா?"

வெர்லின் எழுந்து நின்றான். உட்கார்ந்தே பேசலாம் என்று சொல்லியும் உட்காரவில்லை.

"இல்லைங்க. என்னால முடியல. பனிக்காலம் வந்ததும் பயந்துட்டேன். அக்கா வீட்டுக்கு ஓடி வந்துட்டேன். வாடகையும் அக்காதான் கட்டுச்சு." அதோடு போதும், யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. அவன் நிறுத்தவில்லை. "வேலையும் எனக்கு ஒழுங்கா வரல. மெதுவான ஆளுன்னு என்னைத் தரை கூட்டத்தான் விட்டாங்க. நான் தனியா இருக்கிற ஆள் இல்லைங்க."

ஆர்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கஸ் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். பொய் என்று அந்த அறையில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இருந்தும் மன்றத்தார் கைதூக்கி ஒப்புக்கொண்டார்கள். நானும் எழுதினேன், "தனியாக வாழ இயலாதவர்" என்று, அழகான கையெழுத்தில்.

வெர்லின் எங்கள் ஊருக்கு வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்லிஸோடு சர்ச்சுக்கு வருகிறான். லவோனும் பாடகர் குழுவுக்குத் திரும்பிவிட்டாள். ஆர்லிஸ் அவளோடு பேசுகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று லவோனுக்கு நானே சொன்னேன். நல்லதுதானே நடந்திருக்கிறது என்று அவளும் ஒப்புக்கொள்ளப் பார்த்தாள்.

இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு, வழிபாடு முடிந்து கீழ்க்கூடத்தில் காபி. ஓக்ராஃப்ட் பக்கமிருந்து யாரோ ஒருவருடைய வீட்டுக்கு வந்திருந்த ஒரு கிழவர், வெர்லினைப் பார்த்ததும் கோப்பையோடு எழுந்து வந்தார்.

"அட, வான்கோழி ஆலை வெர்லின்தான நீ? பெட்டி ஏத்துறதுல உன்னை அடிச்சுக்க ஆளே இல்லையேப்பா! எங்க போயிட்ட? அந்த வருஷம் முழுக்க உன் பக்கத்துலதான நின்னேன்!"

வெர்லின் காபியைக் கீழே வைத்தான். "இல்லைங்க, அது நான் இல்ல. என்னால அங்க இருக்க முடியல" என்றான். "பயந்து ஓடி வந்துட்டேன்."

கிழவர் குழம்பிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்தார். வெர்லின் கூட்டத்தில் லவோனைத் தேடிப்பிடித்து, யாருக்கும் கேட்காதபடி குனிந்து கேட்டான்.

"சரியாச் சொல்லிட்டேனா லவோன்? என்னைத் திருப்பி அனுப்பிட மாட்டாங்களே?"

"மாட்டாங்கப்பா" என்றாள் லவோன். அவன் நிம்மதியாகப் போய் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டான்.