முந்நூறா, முந்நூற்று முப்பத்து மூன்றா

அஃப்சல் துபாயிலிருந்து வந்து இறங்கிய அன்றே மேலப்பாளையம் வீட்டில் பெட்டி திறக்கும் வைபவம் நடந்தது. உம்மா ஜுபைதா பீவி கூடத்தில் உட்கார, பக்கத்து வீட்டுக்காரர்கள் சுற்றி நிற்க, சென்ட், கோடாலித் தைலம், பால்பவுடர் டின் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தங்கை ஷம்ஸியாவுக்கு எதன் மேலும் கண் இல்லை. அவள் கேட்ட சாமான் அடியில் கைலிக்குள் சுருட்டிக் கிடந்தது.

கல்யாண வீடியோவுக்கு டைட்டில் செய்து கொடுப்பது அவள் தொழில். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் பூவுக்குள்ளிருந்து சுழன்று வருமே, அதுதான். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் ஒரு டைட்டிலுக்கு நாள் கணக்கில் முக்கியது. பாளையங்கோட்டை ஸ்டூடியோக்காரர் தேவசிகாமணிக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றை முடித்துக் காட்டாவிட்டால் சீசன் வேலை பூராவும் மதுரைக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அண்ணன் அஃப்சலோ அதற்கு மேல். "வேலை வரலன்னா கம்ப்யூட்டர் பொட்டிய வித்துட்டு சும்மா இரு" என்று போனிலேயே தீர்ப்பு எழுதியிருந்தான்.

கம்ப்யூட்டருக்குப் புது மதர்போர்டு வாங்கி வைத்தாயிற்று. அதில் உட்கார பிராசஸர் மட்டும்தான் பாக்கி. செலரான் 300A என்று போனில் தொண்டை வற்றச் சொல்லியிருந்தாள். கைலியைப் பிரித்தால் உள்ளே இருந்தது 333.

"காக்கா, என்ன இது?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"நீ முன்னூறு கேட்ட. நான் அதவிடக் கூடவே வாங்கிட்டேன்!" அஃப்சல் நெஞ்சை நிமிர்த்தினான். "தங்கச்சிக்கு இருக்கதுலயே கொறஞ்சத வாங்கிட்டு வந்திருக்கான்னு நாலு பேரு பேசவா?"

நிற்கிறவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஷம்ஸியாவுக்கு அழுகை முட்டியது. அல்லாவே, பாசத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

கூட்டம் கலைந்ததும் அண்ணனை உட்கார வைத்துச் சொன்னாள். "போர்டு குடுக்க வேகத்த 300A நாலரை மடங்காக்கும். இது அஞ்சு மடங்காக்கும். அந்த மடங்க மாத்த முடியாது, பூட்டி வச்சிருக்காங்க. போர்டு இப்ப குடுக்கது அறுபத்தாறு. நான் அத நூறாக்கப் போறேன். 300A நானூத்தம்பதுல ஓடும், அனேகமா தாங்கும். இது ஐநூறுல ஓடணும். பாதியில மூச்சு முட்டி நின்னுரும்."

"அப்ப நீ ஒண்ணும் செய்யாத. அது பாட்டுக்கு ஓடட்டும்."

"ஓடும். ஆனா அந்த வேகத்துல டைட்டில் வெள்ளிக்கிழமைக்கு முடியாது."

அஃப்சல் முகம் சுருங்கிப் போயிற்று. அதைப் பார்க்க அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் பிழைப்பு நடக்குமா? மறுநாள் காலை அண்ணனையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, ஜங்ஷனில் அருமைநாயகம் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள்.

"இத எடுத்துக்கிட்டு 300A தாங்க அண்ணாச்சி."

அருமைநாயகம் சிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, பெருச குடுத்துட்டு சிறுச கேக்கியே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஷம்ஸியா ஒளிக்கவில்லை. நூறு, நாலரை, நானூற்றைம்பது என்று எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பாவம், படித்த பிள்ளை குழம்பிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மனசு கேட்காமல் நல்ல கூலிங் ஃபேன் ஒன்றையும் சும்மாவே போட்டுக் கொடுத்தார். திரும்பும் வழியில் ஆற்றுப் பாலம் தாண்டும்போது அஃப்சல் "நல்லா ஏமாத்திட்டான்" என்று முணுமுணுத்தான்.

அடுத்த வில்லங்கம் வீட்டில் காத்திருந்தது. சிப் கார்டின் ஓரத்தில் வரிசையாகத் தங்கப் பற்கள். அதில் குறிப்பிட்ட ஒரு பல்லை மறைத்தால்தான் போர்டு ஏமாந்து நூறு கொடுக்கும். டேப் ஒட்டினால் சொருகும்போதே சுருண்டு வந்தது.

"உம்மா, நகப் பாலிஷ் இருக்கா?"

"தொழுவுத வீட்டுல அது என்னத்துக்குளா? தொழுகைக்கு ஒளுச் செஞ்சு கைகால் கழுவுனா தண்ணி நகத்துல படுமா? மருதாணி இருக்கு, வேணுமா?"

"தண்ணிகூட போவாதுல்லா உம்மா, அப்ப கரண்டும் போவாது, அதுக்குத்தான் கேக்கேன்!"

அஃப்சல் தொண்டையைச் செருமினான். எழுந்து போய்க் கைப்பையைத் துழாவி, சிவப்புக் குப்பி ஒன்றை நீட்டினான். தனக்கு நிச்சயம் செய்திருந்த சபீதாவுக்காம். காது மடல்வரை சிவந்து நின்றவனை உம்மா பார்த்த பார்வை இருக்கிறதே! ஷம்ஸியா சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூச்சுப் பிடித்து, அந்த ஒற்றைப் பல்லில் மட்டும் சிவப்பைத் தொட்டு வைத்தாள்.

காய்ந்ததும் சொருகி ஸ்விட்சைப் போட்டாள். திரை கறுப்பாகவே கிடந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்த வேளையில் 'பீப்' என்றது. எழுத்து வந்தது. 450.

"நானூத்தம்பது!" என்று கத்தியது அவள் இல்லை, அஃப்சல்.

அன்று முழுக்க அவன் அந்த அறையை விட்டு நகரவில்லை. வெக்கைக்கு மேஜை ஃபேனைக் கம்ப்யூட்டருக்குத் திருப்பி வைத்துவிட்டு, தான் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தான். ஒரு தடவைகூட அது நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம் தேவசிகாமணி வந்தார். திரையில் பூ விரிந்தது, பெயர்கள் சுழன்று வந்தன. இன்னொரு தரம் போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பி, துபாய்க்கார அண்ணனைப் பார்த்து உட்கார்ந்தார்.

"சரி தம்பி, மதுரைக்கு வேண்டாம்னு சொல்லிருதேன். சீசன் பூரா இங்கனயே வச்சுக்கிடுவோம். ரேட்டு என்னன்னு நீங்களே சொல்லுங்க."

அஃப்சல் எழுந்தான். தன் நாற்காலியை ஷம்ஸியாவின் பக்கம் தள்ளினான்.

"எங்கிட்ட ஏன் அண்ணாச்சி கேக்கிய? மொதலாளி அவதான். அவகிட்டப் பேசுங்க."