கிளாம்ப்புக்குப் பதில் சகலை

பெரிய சகலைக்கு ஒரு கம்பெனியில் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு அதிகாரி உத்தியோகம். செருப்புப் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தவனைக்கூட அரைமணி நேரம் நிற்க வைத்துப் பேசுவார். வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்க ஆளில்லை. ஆகவே மாமனார் வீட்டில் புத்தக அலமாரி மாட்டும் பேச்சு எழுந்ததுமே, பேட்டரி டிரில்லும் தானுமாக வந்து இறங்கிவிட்டார்.

சின்னச் சகலை பல் டாக்டர். மறுநாள் காலை சொந்தமாகக் கிளினிக் திறக்கிறார். பத்து விரலை நம்பித்தான் பிழைப்பு. கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது என்பதால், மாமனார் வீட்டில் எதற்கும் மறுப்புச் சொல்லிப் பழகியிருக்கவில்லை.

தலைக்கவசம், கண்ணாடி, முழங்கால் பட்டை, புத்தம்புதுத் தோல் கையுறை என்று நிலவுக்குக் கிளம்புகிறவர் மாதிரி நின்றார் பெரியவர். பேட்டரியை வெயிலில் வைக்கக் கூடாது, நிரம்பியதும் சார்ஜரிலிருந்து எடுத்துவிட வேண்டும், துளைபோடும் முனையான பிட்டை மாற்றும்முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்று விளக்கினார். டிரில்லின் பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்திப் பேட்டரியை உருவி உருவிக் காட்டினார். மாமியார் உலையில் அரிசி போட மறந்து நின்றார். துளைக்கும் பலகையைக் கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்குவதுதான் உயிர்நாடி என்று முடித்துவிட்டு, பெட்டியைத் துழாவினார். கிளாம்ப் இல்லை.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்று டாக்டர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"அட, நீங்க இருக்கும்போது கிளாம்ப் எதுக்கு சகலை? பலகையை நிமிர்த்திப் பின்னால கையை அண்டக் குடுங்க. நீங்க பல்லுல போடறது பொம்மைத் துளை. நிஜத் துளை எப்படின்னு பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரின் மனைவியும்தான். சிரிப்புக்குப் பிறகு கையை இழுத்துக்கொண்டால் பயந்தாங்கொள்ளி என்றாகிவிடும். உள்ளங்கையை விரித்துப் பலகையின் முதுகில் வைத்தார்.

டிரில் உறுமியது. பலகை அசைந்து கொடுக்கவில்லை. பெரியவர் தொப்பையோடு சேர்த்து முழு உடம்பையும் சாய்த்தார். சட்டென்று மரம் வழிவிட்டது. டாக்டரின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே ஏதோ சூடாகச் சுழன்றுகொண்டிருந்தது.

சத்தம் நிற்கவில்லை. பெரியவரின் தடித்த கையுறை விரல் டிரில்லின் விசைக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. பெரியவர் வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. கையை எந்தப் பக்கம் அசைத்தாலும் விரல் போய்விடும் என்பது டாக்டருக்குத் தெரிந்தது. மறு கை எப்போது முன்பக்கம் போனது, எப்படிப் பேட்டரிப் பொத்தான்களைத் தேடிப் பிடித்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. பேட்டரி தரையில் விழுந்தது. உறுமல் அடங்கியது.

கையை மெதுவாக எடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார், நீட்டினார். ஓரிடத்தில் தோல் மட்டும் சிவந்திருந்தது. அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பெரியவரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கி, பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். பேச்சு முதலில் திரும்பியது அவருக்குத்தான்.

"இதுக்குத்தான் நான் கிளாம்ப் கிளாம்ப்னு அடிச்சுக்கறது. யாரு கேக்கறா?" துளையை எட்டிப் பார்த்தார். "துளை என்னவோ நேராத்தான் வந்திருக்கு. இன்னும் மூணுதான் சகலை."

டாக்டர் குனிந்து பேட்டரியை எடுத்தார்.

"போட்டுடலாம். இந்தத் தடவை நீங்க பிடிங்க, நான் போடறேன்."

பெரிய சகலை பலகையைப் பார்த்தார், டிரில்லைப் பார்த்தார், கையுறைக்குள் இருந்த தன் விரல்களைப் பார்த்தார். பிறகு மாமனார் பக்கம் திரும்பி, புத்தகங்களைத் தரையில் அடுக்கி வைத்தால்தான் எடுக்க வசதி, அலமாரியெல்லாம் வெறும் பகட்டு என்று விளக்க ஆரம்பித்தார்.