பரண் இருந்த இடம்

பெருமாள்மலையில் மகள் ரோகிணிக்குப் பிரசவம் பார்த்துவிட்டு, ஒரு மாசம் கழித்துக் கிளாவரைக்குத் திரும்பினாள் இருளாயி. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே, என் கண்ணுகளா, அவளுக்குச் சந்தேகந்தான். ஊர் வீடுகளெல்லாம் புகைந்துகொண்டிருக்க, அவள் வீட்டு ஓட்டில் மட்டும் ஒரு பொட்டுப் புகை இல்லை.

அடுப்படிக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விறகடுப்பு இருந்த இடத்தில் பளபளவென்று டைல்ஸ், அதன்மேல் கேஸ் அடுப்பு. அண்ணாந்து பார்த்தால் பரணையும் காணோம். கோடையில் அவள் பிடுங்கி, காயவைத்து, தாளுந் தண்டுமாக முடிந்து தொங்கவிட்ட அத்தனை பூண்டும் அந்தப் பரணில்தானே புகை குடித்துக்கொண்டு கிடந்தது! உப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, வெயிலில் சுருளச் சுருள உலர்த்திய பீன்ஸ் வத்தலும் அங்கேதான். போன வருசம் அடைமழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டபோது, அந்த வத்தலும் பூண்டு ரசமும்தான் இவர்கள் உயிரைப் பிடித்து வைத்தன. அடுத்த நடவுக்கு விதையும் அதே பூண்டுதான்.

“என் பூண்டு எங்கங்க?”

புருஷன் ராமர் சிரித்துக்கொண்டே வந்தான். “வந்ததும் வராததுமா ஏன் கத்துற? பக்கத்து ரூமை டூரிஸ்ட்டுக்கு விடப்போறோம்ல. ரூமைப் பாக்க வந்தவுக பூண்டு நாத்தமும் புகையும் ஆகாதுன்னுட்டாக. பத்திரமாக் கட்டி வச்சிருக்கேன், வா.”

மாட்டுக் கொட்டத்து மூலையில் உரச்சாக்குகள், வாயை இறுக்கிக் கட்டி நின்றன. இருளாயி அரிவாளால் ஒரு சாக்கின் கயிற்றை அறுத்தாள். குப்பென்று சூடும் நாற்றமும் முகத்தில் அடித்தது. கையை உள்ளே விட்டால் கொழகொழவென்று ஒட்டியது. பாதிப் பூண்டு அழுகல். மீதியில் பச்சை முளை எட்டிப் பார்த்தது. வத்தலோ பூசணம் பூத்து ஒரே கட்டியாகக் கெடந்தது.

“நீயெல்லாம் பூண்டுக்காரன்தானா?”

தாலி கட்டின நாளிலிருந்து ‘நீங்க’ தவிர வேறு சொல்லாத வாயில் ‘நீ’ வந்ததும் ராமர் சிரிப்பு அடங்கிப்போனது.

“உரச்சாக்குல போட்டு இறுக்கினா வேர்த்து அவிஞ்சு போகும்னு ஒனக்குத் தெரியாது? எவனோ ஒருத்தன் மூக்கைச் சுளிச்சான்னு என் மழைக்காலத்தையே கட்டி மூலையில போட்டிருக்கியே!”

வேலிக்கு அந்தப் பக்கம் மகாதேவி எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, மச்சான் பூண்டை ஊறப் போட்டுட்டாராக்கும்?”

“போடி அங்கிட்டு. வயிறு எரியுது எனக்கு.”

நல்லதைப் பொறுக்கிப் பொறுக்கி முறத்தில் சேர்த்தாள். பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கே புகை காட்டாவிட்டால் இதுவும் போகும். அடுப்போ இல்லை. விறுவிறுவென்று பக்கத்து ரூமுக்குள் போனாள். புது மெத்தை, வெள்ளை விரிப்பு. மெத்தையைச் சுருட்டி வாசலில் எறிந்தாள். டூரிஸ்ட்டுக்கென்று ராமர் வாங்கி வைத்திருந்த கேம்ப் ஃபயர் சட்டியை உள்ளே இழுத்துப்போட்டு, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, சவுக்கு விறகை மூட்டினாள். சுவருக்குச் சுவர் கயிறு கட்டினாள்.

“அடியே, புதுப் பெயின்ட்டுடி! சாயங்காலம் ஆளு வருது!”

“வரட்டும். கேம்ப் ஃபயர்தான கேட்டாக? உள்ளயே எரியுது. பூண்டுக்குக் கீழ படுக்கச் சொல்லு.” சணல் கயிற்றை அவன்மேல் வீசினாள். “வெரசா முடிஞ்சு குடு. நாளைக்கு வெள்ளனே டைல்ஸைப் பேத்து அடுப்புப் போடணும். பரணையும் நீயே கட்டணும்.”

ராமர் புகையில் கண் எரிய உட்கார்ந்து பூண்டை முடிந்தான். போன் அடித்தது.

“இல்லைங்க சார்… ரூமுல ஆளு இருக்கு… எப்பக் காலி பண்ணுவாகளா?” போனைப் பொத்திக்கொண்டு பொண்டாட்டியைப் பார்த்தான்.

அவள் திரும்பவே இல்லை. “நடவு வரைக்கும் போகமாட்டாகன்னு சொல்லு.”

வாசலில் அழுகல் பூண்டு குவிந்து நாறியது. அதை அள்ளிக் கொட்டுகிற சோலியும் அவனுக்குத்தான் காத்துக் கெடந்தது.